விசுவாசமா, நற்செயலா? கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் உண்மையில் எங்கே பிரிகிறார்கள்

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். கூட வேலை செய்யும் கத்தோலிக்கத் தோழியோடு பேச்சு வந்திருக்கிறது. “நீங்கள் நல்லது செய்து மோட்சம் வாங்கப் பார்க்கிறீர்கள்” என்று நீங்கள் சொல்ல, “நீங்கள்தான் நம்பினால் போதும், எப்படி வேண்டுமானாலும் வாழலாம் என்கிறீர்கள்” என்று அவர் சொல்லியிருக்கிறார். அப்புறம் மனுஷன் விசுவாசத்தினாலே மட்டுமல்ல, கிரியைகளினாலேயும் நீதிமானாக்கப்படுகிறான் என்னும் யாக்கோபு 2:24-ஐ எடுத்துக் காட்டியிருக்கிறார், உங்களுக்குப் பதில் வரவில்லை. 1999-ல் இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுச் சமாதானமாகிவிட்டார்கள் என்று வேறு யாரோ சொன்னார்களாம். யார் சொல்வது சரி, பிரச்சினை தீர்ந்துவிட்டதா என்று கேட்கிறீர்கள். இதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: கடவுளுக்கு முன்னால் நிற்கும் நாளில் எதை நம்பி நிற்பது? இரு தரப்பும் சண்டையிட்டதே அதற்காகத்தான். மற்றதெல்லாம் அதிலிருந்து கிளைத்தவை.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. சீர்திருத்த (புராட்டஸ்டண்ட்) சபையில் பிறந்து வளர்ந்தவன் நான். இருபது வருடத்துக்கு மேலாகத் திருச்சபை வரலாறும் கோட்பாடும் பாடம் நடத்துகிறேன். வகுப்பில் இரண்டு தரப்பு மாணவர்களும் சேர்ந்தே உட்காருவார்கள். நடுவில் சில வருடங்கள் மருத்துவமனையில் நோயாளிகளைச் சந்தித்து ஜெபிக்கும் பணியிலும் இருந்தேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்க விரும்பவில்லை. எது உறுதியானது, எதில் அறிஞர்களே இன்னும் மோதிக்கொள்கிறார்கள், எது என் சொந்த அபிப்பிராயம் என்பதை அங்கங்கே பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். தமிழில் இந்தச் சண்டை பாதி சொல்லாலேயே வளர்கிறது. நீங்கள் ‘கிருபை’ என்பதைத் தோழி ‘அருள்’ என்பார். உங்கள் ‘இரட்சிப்பு’ அவருக்கு ‘மீட்பு’, உங்கள் ‘நற்கிரியை’ அவருக்கு ‘நற்செயல்’. மூன்றிலும் பொருள் ஒன்றுதான். நான்காவது சொல்லில் மட்டும் கவனம் வேண்டும். உங்கள் வேதாகமத்தில் ‘நீதிமானாக்கப்படுதல்’ என்று வருமிடத்தில் அவருடைய திருவிவிலியத்தில் ‘கடவுளுக்கு ஏற்புடையவராதல்’ என்று இருக்கும். மூலத்தில் இருப்பது ஒரே கிரேக்கச் சொல். அந்தச் சொல்லுக்குள்தான் ஐந்நூறு வருட முடிச்சு இருக்கிறது. இதில் ஒரு விசேஷம் உண்டு. ‘நீதிமானாக்குதல்’ என்றால் கெட்டவனை நல்லவனாக மாற்றுவதுபோல் காதில் விழுகிறது. அது கத்தோலிக்க விளக்கத்துக்கு நெருக்கம். ‘ஏற்புடையவராதல்’ என்றால் கடவுள் ஒருவரை அப்படியே ஏற்றுக்கொள்வதுபோல் இருக்கிறது. அது சீர்திருத்த விளக்கத்துக்கு நெருக்கம். ஆக, உங்கள் இருவர் கையிலும் இருப்பது மற்றவர் பக்கம் சாயும் மொழிபெயர்ப்பு.

வருடா வருடம் வகுப்பில் ஒரு காரியம் செய்வேன். கரும்பலகையில் இரண்டு கருத்துகளை, யார் சொன்னது என்று குறிப்பிடாமல் எழுதிப் போடுவேன். ஒன்று: கிறிஸ்து வழியாக வரும் கடவுளின் அருள் இல்லாமல், தன் சொந்தச் செயல்களாலேயே மனிதன் கடவுள் முன் நீதிமானாக முடியும் என்று சொல்பவன் சபைக்குப் புறம்பானவன். இரண்டு: விசுவாசம் உயிருள்ளது, ஓயாமல் வேலை செய்வது, நெருப்பிலிருந்து சூட்டையும் ஒளியையும் பிரிக்க முடியாததுபோல் விசுவாசத்திலிருந்து நற்செயலைப் பிரிக்க முடியாது. முதலாவது சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர், இரண்டாவது கத்தோலிக்கர் என்று கிட்டத்தட்ட எல்லாரும் சொல்வார்கள். உண்மை நேர் தலைகீழ். முதலாவது, 1547 ஜனவரி 13 அன்று கத்தோலிக்கரின் திரெந்து பொதுச்சங்கம் வெளியிட்ட 33 விதிகளில் முதல் விதி. இரண்டாவது, 1522-ல் ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரையில் வருவது. அதைக் கேட்டதும் வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும். பாடமே அந்த அமைதியில்தான் தொடங்கும்.

ஆகவே உறுதியாகச் சொல்லக்கூடிய முதல் விஷயம்: நற்செயலால் மோட்சத்தைச் சம்பாதிக்கலாம் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் போதனை அல்ல. அப்படிப் போதித்தவர் என்று குற்றம் சாட்டப்பட்ட பெலாஜியுஸை 5-ஆம் நூற்றாண்டில் எதிர்த்து நின்றவர், இரு தரப்பும் மதிக்கும் ஆசிரியரான அகுஸ்தினார். 418-ல் கார்த்தேஜில் கூடிய சங்கம் பெலாஜியுஸின் கருத்தைத் தள்ளியது. 529-ல் ஆரஞ்சு நகரில் கூடிய சங்கம் இன்னும் ஒரு படி மேலே போய், விசுவாசிக்க வேண்டும் என்ற முதல் விருப்பம்கூட அருளின் கொடைதான் என்றது. திரெந்து சங்கம் இதையே தொடர்ந்து, நீதிமானாக்கப்படுவதற்கு முன்னால் வரும் எதுவும், விசுவாசமானாலும் செயலானாலும், அந்த அருளுக்கு நம்மைத் தகுதியாக்காது என்று அதே 1547 ஆவணத்தின் 8-ஆம் அதிகாரத்தில் எழுதி வைத்தது. இன்றைய கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும், பாவமன்னிப்பின் முதல் அருளை யாரும் உழைத்துப் பெற முடியாது என்றே சொல்கிறது. ‘நீங்கள் மோட்சத்தை வாங்கப் பார்க்கிறீர்கள்’ என்று தோழியிடம் சொன்னீர்களே, அதைத் திரும்ப வாங்கிக்கொள்வது நல்லது.

அப்படியானால் லூத்தர் எதற்காகக் கொதித்தார் என்று கேட்பீர்கள். ஏட்டில் இருந்தது ஒன்று, சந்தையில் நடந்தது வேறு. 1517-ல் டெட்ஸல் என்ற துறவி ஊர் ஊராகப் போய் விநியோகித்த பலன் சீட்டுகள், கோட்பாட்டின்படி பாவத்தை மன்னிப்பவை அல்ல. மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு மீதமிருக்கும் தண்டனையைக் குறைப்பவை. ஜனங்கள் அந்த நுணுக்கத்தையெல்லாம் பார்க்கவில்லை. காசு கொடுத்தால் ஆத்துமா கரையேறும் என்றே புரிந்துகொண்டார்கள். பணம் பிடுங்கும் அந்த வழக்கத்தை 1563-ல் திரெந்து சங்கமும் கண்டித்தது. லூத்தரின் கோபம் அதோடு தீரக்கூடியதாக இருந்திருந்தால் சபை உடைந்திருக்காது. அவர் இன்னும் ஆழத்தில் கைவைத்தார்.

அதற்குள் போகுமுன் மறுபக்கக் குற்றச்சாட்டையும் தீர்த்துவிடுகிறேன். விசுவாசித்துவிட்டால் எப்படி வேண்டுமானாலும் வாழலாம் என்று லூத்தரும் சொல்லவில்லை, அவருக்கு அடுத்த தலைமுறைச் சீர்திருத்தத் தலைவரான கால்வினும் சொல்லவில்லை. 1530-ல் லூத்தர் தரப்பினர் பேரரசர் முன் வைத்த ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 20-ஆம் பிரிவு முழுக்க இதற்கான மறுப்புதான்: எங்கள் போதகர்கள் நற்செயல்களைத் தடுக்கிறார்கள் என்பது பொய்க் குற்றச்சாட்டு என்றே அது தொடங்குகிறது. நம்மை நீதிமானாக்குவது விசுவாசம் மட்டுமே, ஆனால் அந்த விசுவாசம் ஒருபோதும் தனியாக இருப்பதில்லை என்பது கால்வினின் நிலைப்பாடு. சீர்திருத்தத் தரப்பில் 1563-ல் வந்த ஹைடல்பர்க் வினாவிடை நூல் மூன்று பகுதிகளாக இருக்கிறது: மனிதனின் அவல நிலை, அவனுக்குக் கிடைத்த விடுதலை, அதற்கான நன்றி. பத்துக் கட்டளைகளின் விளக்கம் மூன்றாவது பகுதியில், நன்றியின் கீழ் வருகிறது. நற்செயல் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு அந்த அமைப்பே பதில்.

சரி, கிருபைதான் தொடக்கம் என்று இருவரும் சொல்கிறார்கள். நற்செயல் கூடவே வர வேண்டும் என்றும் இருவரும் சொல்கிறார்கள். பிறகு எங்கேதான் சண்டை? ஒரே இடத்தில். கடவுள் ஒரு பாவியை நீதிமான் என்னும்போது, எந்த நீதியைப் பார்த்துச் சொல்கிறார்? கிறிஸ்துவிடம் இருக்கும் நீதியை இவன் கணக்கில் வைத்துச் சொல்கிறாரா, அல்லது இவனுக்குள்ளேயே ஊற்றிய நீதியைப் பார்த்துச் சொல்கிறாரா? முதலாவது சீர்திருத்தப் பதில், இரண்டாவது கத்தோலிக்கப் பதில். இரண்டிலும் நீதி கிறிஸ்துவிடமிருந்துதான் வருகிறது. அது எங்கே இருக்கிறது என்பதில்தான் பிரிகிறார்கள்.

கிரேக்கச் சொல்லைக் கொஞ்சம் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். லூக்கா 7:29-ல், யோவானிடம் ஞானஸ்நானம் பெற்ற ஜனங்களும் வரி வசூலிப்பவர்களும் கடவுளை நீதியுள்ளவர் என்று ஒப்புக்கொண்டார்கள் என்று வருகிறது. பவுல் நமக்குப் பயன்படுத்தும் அதே வினைச்சொல்தான் அங்கே கடவுளுக்கு. ஜனங்கள் கடவுளை நீதியுள்ளவராக மாற்றினார்கள் என்று அதற்குப் பொருள் சொல்ல முடியாது. ‘நீதியுள்ளவர் என்று அறிவித்தார்கள்’ என்றுதான் சொல்ல முடியும். சீர்திருத்த வாதத்துக்கு இது பலமான தூண். அகுஸ்தினார் படித்ததோ லத்தீன். அந்த மொழியில் இந்தச் சொல் ‘நீதி’, ‘செய்’ என்ற இரண்டு சொற்கள் சேர்ந்து உருவானது. அதைப் பிரித்துப் பார்த்து, நீதியுள்ளவனாகச் செய்தல் என்று அவர் பொருள் கொண்டார். மேற்குத் திருச்சபை ஆயிரம் வருடம் அந்த வழியில் நடந்தது. அதற்காக அகுஸ்தினார் ஒரு மொழிப்பிழையில் விழுந்துவிட்டார் என்று சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. புது இருதயம், புது சிருஷ்டி, கடவுளின் அன்பு நம் இருதயங்களில் ஊற்றப்படுதல் என்றெல்லாம் வேதமே பேசுகிறது. அந்த வசனங்களைத்தான் அவர் இந்தச் சொல்லுக்குள் சேர்த்து வாசித்தார்.

தத்தெடுக்கப்பட்ட ஒரு குழந்தையை நினைத்துக்கொள்ளுங்கள். பத்திரத்தில் கையெழுத்தான நிமிடத்திலேயே அது அந்த வீட்டுப் பிள்ளை. அதற்கு இன்னும் அந்த வீட்டுப் பழக்கம் ஒன்றும் தெரியாது, பயந்துபோய் மூலையில் உட்கார்ந்திருக்கிறது, கையில் கிடைத்ததை ஒளித்து வைக்கிறது. ஆனாலும் பிள்ளைதான். வருடங்கள் போகப் போக அந்த வீட்டின் குணம் அதற்கு வருகிறது. குணம் வந்ததால் பிள்ளையாகவில்லை, பிள்ளையானதால் குணம் வருகிறது. இது சீர்திருத்தப் பார்வை. கத்தோலிக்கர் இதைக் கேட்டுவிட்டு ஒன்று சொல்வார்கள்: மனிதன் போடும் கையெழுத்து வெளியே காகிதத்தில் நிற்கும், கடவுள் ‘ஒளி உண்டாகட்டும்’ என்றால் ஒளி உண்டாகிறதே, அவர் ‘நீ என் பிள்ளை’ என்றால் அந்தப் பிள்ளையின் ரத்தமே மாற வேண்டாமா? உள்ளே ஒன்றும் மாறாமல் வெளியே மட்டும் அறிவிக்கிற கடவுள் பொய்யை மெய் என்று சொல்பவர் ஆகிவிட மாட்டாரா? இது கனமான கேள்வி. கால்வினின் பதில் சூரியனை வைத்து வருகிறது. ஒளியையும் வெப்பத்தையும் சூரியனிடமிருந்து பிரிக்க முடியாது; அதற்காக ஒளிதான் சுடுகிறது, வெப்பம்தான் வெளிச்சம் தருகிறது என்று யாரும் சொல்வதில்லை. அதுபோல நீதிமான் என்று ஏற்கப்படுவதும் பரிசுத்தமாக மாறுவதும் கிறிஸ்துவில் ஒன்றாகவே கிடைக்கின்றன, ஆனால் ஒன்றை மற்றொன்றோடு குழப்பக் கூடாது என்பார். திரெந்து சங்கம் அந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. 7-ஆம் அதிகாரத்தில் அது எழுதியது: நாம் நீதிமான்களாக இருப்பதற்குக் காரணம் கடவுளின் நீதி, அவர் தாம் நீதியுள்ளவராக இருக்கும் நீதி அல்ல, நம்மை நீதியுள்ளவர்களாக ஆக்கும் நீதி. இந்த ஒரு வாக்கியம்தான் இரண்டு சபைகளுக்கும் நடுவில் ஓடும் கோடு. வேறு எதை மறந்தாலும் இதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இப்போது யாக்கோபுக்கு வருகிறேன். “மனுஷன் விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் நீதிமானாக்கப்படுகிறான்” என்கிறார் அவர். ‘விசுவாசத்தினாலே மட்டும்’ என்ற தொடர் மூல வேதத்தில் வரும் ஒரே இடம் இதுதான், அதுவும் ‘அல்ல’ என்ற சொல்லோடு வருகிறது என்று உங்கள் தோழி சொல்லியிருந்தால், அது முழுக்க உண்மை. ரோமர் 3:28-ல் ‘மட்டும்’ என்ற சொல் கிரேக்கத்தில் கிடையாது. 1522-ல் வந்த தன் ஜெர்மன் மொழிபெயர்ப்பில் லூத்தர் அதைச் சேர்த்தார். சேர்த்ததை மறைக்கவும் இல்லை. ஜெர்மன் மொழி ஓட்டத்துக்கு அது வேண்டும், பவுலின் கருத்தும் அதுவே என்று 1530-ல் ஒரு திறந்த கடிதமே எழுதினார். அவருக்குச் சுமார் இரண்டரை நூற்றாண்டு முன்னால் கத்தோலிக்கரின் பெரிய ஆசிரியரான தாமஸ் அக்குவினாஸ், 1 தீமோத்தேயுவுக்கு எழுதிய விளக்கத்தில் ‘விசுவாசத்தில் மட்டுமே’ என்ற தொடரைப் பயன்படுத்தியிருக்கிறார். 2008 நவம்பரில் போப் 16-ஆம் பெனடிக்ட், அன்புக்கு எதிராக நிறுத்தாதவரை லூத்தரின் ‘விசுவாசம் மட்டும்’ என்ற தொடர் சரியானதே என்று பொதுக்கூட்டத்தில் பேசினார். மறுபக்கம், யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் என்று லூத்தர் 1522 முன்னுரையில் எழுதியதும் உண்மை. பின்வந்த பதிப்புகளில் அந்த வரியை விட்டுவிட்டார். வேதத்தின் ஒரு பகுதியைப் பற்றி அப்படி எழுதியது தவறு என்றுதான் நானும் வகுப்பில் சொல்வேன்.

பவுலும் யாக்கோபும் முரண்படுகிறார்களா? ஆபிரகாமை வைத்தே பாருங்கள். இருவரும் ஆதியாகமம் 15:6-ஐ எடுக்கிறார்கள்: அவன் கர்த்தரை விசுவாசித்தான், அதை அவர் அவனுக்கு நீதியாக எண்ணினார். பவுல் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார். அப்போது ஈசாக்கு பிறக்கவில்லை, விருத்தசேதனமும் நடக்கவில்லை. ஒன்றும் செய்யாதவனைக் கடவுள் ஏற்றுக்கொண்டார் என்பது அவருடைய வாதம். யாக்கோபு அங்கிருந்து பல வருடம் தாண்டி 22-ஆம் அதிகாரத்துக்குப் போகிறார். மகனைப் பலிபீடத்தின்மேல் கிடத்திய அந்த நாளில் 15:6 நிறைவேறியது என்கிறார். அவர் எதிர்க்கும் விசுவாசமும் வேறு. பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்று அவரே விளக்குகிறாரே, அது வெறும் தலையாட்டல். பவுல் அதை விசுவாசம் என்றே சொல்ல மாட்டார். அவருக்கு அது ‘அன்பினால் கிரியை செய்கிற விசுவாசம்’, கலாத்தியர் 5:6. இதுவரை இரண்டு சபையாரும் ஒத்துக்கொள்வார்கள். யாக்கோபு சொல்லும் ‘நீதிமானாக்கப்படுதல்’ என்ன என்பதில்தான் பிரிவு. விசுவாசம் உண்மையானது என்று செயலால் நிரூபிக்கப்படுவது என்கிறது சீர்திருத்தத் தரப்பு. பெற்ற நீதி செயலால் வளர்வது என்கிறது கத்தோலிக்கத் தரப்பு; திரெந்து 24-ஆம் விதி அதைத்தான் காக்கிறது. வசனத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் இடம் இருக்கிறது என்பது என் கணிப்பு. யாக்கோபு 2:24 ஒன்றை மட்டும் காட்டி எந்தத் தரப்பும் வழக்கை முடித்துவிட முடியாது.

நற்செயலால் கடவுள் முன் பெறும் தகுதியைக் குறிக்கும் ‘பேறுபலன்’ என்ற கத்தோலிக்கச் சொல் சீர்திருத்தத்தார் காதில் கூலி கேட்பதுபோல் விழும். எனக்கும் இளமையில் அப்படித்தான் விழுந்தது. நம் தகுதிகளுக்குக் கடவுள் முடிசூட்டும்போது தம் கொடைகளுக்குத்தான் முடிசூட்டுகிறார் என்று அகுஸ்தினார் சொன்னதைப் படித்தபோது கொஞ்சம் விளங்கியது. திரெந்து சங்கம் பேறுபலனைப் பற்றிப் பேசும் 16-ஆம் அதிகாரத்தில் அதே கருத்தைத்தான் எடுத்து வைக்கிறது. கறாராகப் பார்த்தால் கடவுளிடம் எந்த உரிமையும் கோர மனிதனுக்கு இடமில்லை என்று கத்தோலிக்க மறைக்கல்வி நூலே சொல்லிவிட்டுத்தான் பேறுபலனை விளக்கப் போகிறது. அந்த விளக்கத்தின் முடிவில் குழந்தை இயேசுவின் தெரேசாளின் ஜெபம் இருக்கிறது. 1895-ல், இருபத்திரண்டு வயதில், இந்த வாழ்வின் மாலையில் வெறும் கையோடு உம் முன் வருவேன், என் செயல்களை எண்ணும்படி நான் கேட்கவில்லை, எங்கள் நீதியெல்லாம் உம் கண்ணில் கறை படிந்ததுதான் என்று அந்தக் கன்னியாஸ்திரி ஜெபித்தார். அந்தப் பக்கத்தை வகுப்பில் வாசிக்கும்போது சீர்திருத்த மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். தங்கள் பாட்டியின் ஜெபம்போல் இருக்கிறது என்று ஒரு பெண் சொன்னாள். இருந்தாலும் வித்தியாசம் கரைந்துவிடவில்லை. அருளோடு ஒத்துழைத்து ஒருவர் அருளின் வளர்ச்சிக்கும் நித்திய வாழ்வுக்கும் தகுதி பெறுகிறார் என்பது கத்தோலிக்கப் போதனை. நித்திய வாழ்வோடு ‘தகுதி’ என்ற சொல்லைச் சேர்க்கவே சீர்திருத்த மரபு சம்மதிக்காது. பலன் உண்டு, அது தகப்பன் பிள்ளைக்குத் தரும் சொத்துபோல் என்று சொல்லும்.

அடுத்தது, மனித மனத்தை நேராகத் தொடும் இடம்: நான் இரட்சிக்கப்பட்டேன் என்று நிச்சயமாகச் சொல்லலாமா? கடவுள் பொய் சொல்லாதவர், அவர் வாக்குக் கொடுத்திருக்கிறார், அதைச் சந்தேகிப்பது அவரையே சந்தேகிப்பது என்பார் லூத்தர். திரெந்தின் 9-ஆம் அதிகாரம், கடவுளின் இரக்கத்தை யாரும் சந்தேகிக்கக் கூடாது, ஆனால் தன் பலவீனத்தைப் பார்க்கிற எவரும் தான் அருள் நிலையில் இருப்பதைப் பற்றி அஞ்ச இடமுண்டு என்கிறது. சாவான பாவம், அதாவது கனமான பாவம், செய்தால் அந்த அருளை இழக்கலாம், குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் வழியாகத் திரும்பப் பெறலாம் என்பது கத்தோலிக்க முறை. சீர்திருத்தத் தரப்பிலும் இதில் ஒரே குரல் இல்லை என்பதைக் கவனியுங்கள். கடவுளால் உண்மையாகத் தெரிந்துகொள்ளப்பட்டவர் கடைசிவரை விழுந்துபோக மாட்டார் என்று 1618-19-ல் கூடிய டார்ட் சங்கம் கால்வின் வழியில் தீர்மானித்தது. லூத்தர் வழியினரும் மெதடிஸ்டுகளும் விசுவாசத்தை இழக்க முடியும் என்பார்கள். ‘ஒருமுறை இரட்சிக்கப்பட்டால் எப்போதும்’ என்று சில சபைகளில் கேட்பதை எல்லாச் சீர்திருத்த சபைகளின் போதனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மருத்துவமனைப் பணியில் நான் பார்த்த இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஒருவர் கத்தோலிக்க முதியவர். ஜெபமாலையை விரலில் சுற்றிக்கொண்டு, “போதுமான அளவு செய்தேனா ஐயா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். சில மாதம் கழித்து வேறொரு வார்டில், வாழ்நாள் முழுக்க வேதத்தைத் தூக்கிக்கொண்டு நடந்த ஒரு சீர்திருத்த சபை அம்மா. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “எனக்கு இருந்தது உண்மையான விசுவாசம்தானா தம்பி?” என்று கேட்டார். ஒருவர் தன் செயலை எடை போட்டார், மற்றவர் தன் விசுவாசத்தை எடை போட்டார். இருவரும் தங்களுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விசுவாசத்தையே ஒரு சாதனையாக மாற்றிவிட்டால் அதுவும் ஒரு கிரியைதான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இருவரிடமும் நான் சொன்னது ஒன்றேதான்: கண்ணை உயர்த்திச் சிலுவையில் தொங்குகிறவரைப் பாருங்கள். பெரியவர் தன் ஜெபமாலையின் நுனியில் இருந்த சிலுவையைத் தடவிக்கொண்டார். 1431-ல் விசாரணையில் ஜோன் ஆஃப் ஆர்க் என்ற பிரெஞ்சுப் பெண்ணை மடக்குவதற்காக, நீ அருள் நிலையில் இருக்கிறாயா என்று கேட்டார்கள். இல்லையென்றால் கடவுள் என்னை அதில் வைப்பாராக, இருந்தால் கடவுள் என்னை அதில் காப்பாராக என்றாள் அந்தப் பெண். அந்த அம்மாவிடம் இதையும் சொன்னேன். ஒரு கத்தோலிக்கப் புனிதையின் பதில் என்று தெரிந்தே ஆமென் சொன்னார்.

இனி 1999-க்கு வருவோம். அதற்கு முன்பே ஒருமுறை இரு தரப்பும் நெருங்கி வந்ததுண்டு. 1541-ல் ரேகன்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கர் பக்கம் எக், குரோப்பர், பிளூக் ஆகியோரும் சீர்திருத்தப் பக்கம் மெலாங்க்தன், பூசர், பிஸ்டோரியஸ் ஆகியோரும் உட்கார்ந்து, நீதிமானாக்கப்படுதல் பற்றி ஒரே வாசகத்தில் உடன்பட்டார்கள். போப்பின் தூதராக வந்த கர்தினால் கொந்தாரீனி அதற்கு ஆதரவு. அங்கே இருந்த கால்வின், எதிர்த் தரப்பினர் இவ்வளவு விட்டுக்கொடுத்தது ஆச்சரியம் என்று நண்பருக்குக் கடிதம் எழுதினார். ஆனால் ரோமும் ஏற்கவில்லை, லூத்தரும் ஒட்டுப்போட்ட துணி என்று தள்ளிவிட்டார். நற்கருணை பற்றிய பேச்சு முறிந்ததோடு எல்லாம் கலைந்துபோனது. இந்த நிகழ்ச்சியை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லூத்தரன் கூட்டமைப்பும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டது உண்மை. அதன் 15-ஆம் பத்தி சொல்வது இது: நம்மிடமுள்ள எந்தத் தகுதியாலும் அல்ல, அருளால் மட்டுமே, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தில் நாம் கடவுளால் ஏற்கப்பட்டு, தூய ஆவியைப் பெறுகிறோம், அவர் நம் இருதயத்தைப் புதுப்பித்து நற்செயல்களுக்கு அழைக்கிறார். இந்த அறிக்கையில் சொன்ன விதத்தில் போதிக்கிறவர்களை 16-ஆம் நூற்றாண்டின் கண்டனங்கள் தொடாது என்றும் ஒப்புக்கொண்டார்கள். 2006-ல் மெதடிஸ்டுகளும், 2017-ல் கால்வின் வழிவந்த உலக சீர்திருத்த சபைகளின் ஐக்கியமும் சேர்ந்துகொண்டன. ஆனால் பிரச்சினை முழுதாகத் தீர்ந்தது என்று சொன்னால் அது மிகை. 1998-ல் வத்திக்கான் தந்த பதிலே, ‘மனிதன் ஒரே நேரத்தில் நீதிமானும் பாவியும்’ என்ற லூத்தரின் சூத்திரத்தில் இடர் இருக்கிறது என்றது. ஞானஸ்நானம் பெற்றவரிடம் மிஞ்சியிருக்கும் தீய நாட்டம் பாவமே என்பது லூத்தரின் போதனை. அது பாவத்துக்கு இழுக்குமே தவிர, சம்மதிக்காதவரை பாவம் அல்ல என்பது கத்தோலிக்கப் போதனை. ஜெர்மனியில் நூற்றுக்கும் மேற்பட்ட இறையியல் பேராசிரியர்கள் அறிக்கையை எதிர்த்தார்கள். அமெரிக்காவின் மிசூரி சினாட் போன்ற லூத்தரன் சபைகள் அதை ஏற்கவில்லை. பாப்டிஸ்டுகளும் பெந்தெகொஸ்தே சபைகளும் அதில் ஒரு தரப்பே அல்ல. மரித்தவர் சுத்திகரிக்கப்படும் உத்தரிக்கிற ஸ்தலம், தண்டனையைக் குறைக்கும் பலன் ஆகிய கத்தோலிக்கப் போதனைகள் அப்படியே நிற்கின்றன.

அறிஞர்களிடையே முடிவாகாதது என்று ஒன்றைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். பவுல் சொல்லும் ‘நியாயப்பிரமாணத்தின் கிரியைகள்’, அதாவது மோசேயின் சட்டம் கேட்கும் செயல்கள், எவை? மனிதன் தகுதி தேடிச் செய்யும் எல்லாச் செயலும் என்று லூத்தர் வாசித்தார். 1977-ல் ஈ.பி. சாண்டர்ஸ் என்ற புதிய ஏற்பாட்டு அறிஞர், பவுல் காலத்து யூத மதம் கடவுளின் உடன்படிக்கைக் கிருபையில் நின்ற மதம், புண்ணியக் கணக்கு பார்த்த மதம் அல்ல என்று விரிவாக வாதிட்டார். ஜேம்ஸ் டன், என்.டி. ரைட் ஆகியோர் அதைத் தொடர்ந்து, அந்தக் கிரியைகள் முக்கியமாக விருத்தசேதனம், உணவு விதி, ஓய்வுநாள்போல யூதரைப் பிறரிடமிருந்து பிரித்துக் காட்டிய அடையாளங்கள் என்றார்கள். இவர்கள் யாரும் கத்தோலிக்கர் அல்ல என்பதைக் கவனியுங்கள். இந்த வாதம் இன்னும் நடக்கிறது. பவுல் 16-ஆம் நூற்றாண்டுக் கேள்விக்குப் பதிலாக எழுதவில்லை என்பதில் அவர்கள் சொல்வது சரி என்று நினைக்கிறேன். ஆனால் ரோமர் 4-ல் வேலை செய்கிறவனுக்குக் கூலி கடனாக எண்ணப்படும் என்று பவுல் எழுதும்போது, அவர் அடையாளங்களைத் தாண்டியும் பேசுகிறார் என்பது என் வாசிப்பு.

யார் சரி என்ற உங்கள் கேள்விக்கு என் பதில், அது என் பதில் மட்டுமே: நீதிமானாக்கப்படுதல் என்ற சொல்லுக்கு ரோமரிலும் கலாத்தியரிலும் ‘நீதிமான் என்று தீர்ப்பளித்தல்’ என்பதே முதன்மைப் பொருள், அந்த இடத்தில் சீர்திருத்தவாதிகள் பவுலைச் சரியாகக் கேட்டார்கள். லூக்கா 18-ல் அந்த வரி வசூலிப்பவன் மார்பில் அடித்துக்கொண்டு ஒரே ஒரு வரி ஜெபித்துவிட்டு நீதிமானாக்கப்பட்டவனாய் வீட்டுக்குப் போனான். காட்டுவதற்கு அவனிடம் ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் இரட்சிப்பு என்ற முழுச் சொல்லுக்குள் அந்தத் தீர்ப்பு மட்டும் இல்லை, குணமாகுதலும் இருக்கிறது. எங்கள் தரப்புப் பிரசங்கங்களில் அது பல நேரம் விடுபட்டுப் போகிறது. கத்தோலிக்கர் அதை விடாமல் பிடித்திருக்கிறார்கள். மத்தேயு 25-ஐப் பிரசங்கிக்கத் தயங்கும் சபைகளை நான் பார்த்திருக்கிறேன். பசியாயிருந்தேன், போஜனம் கொடுத்தீர்கள் என்று நியாயத்தீர்ப்பு நாளில் ராஜா பேசுவதாக ஆண்டவரே சொல்லியிருக்கும்போது நமக்கு என்ன தயக்கம்?

அடுத்த தடவை தோழியோடு பேசும்போது யாக்கோபை ஓரமாக வைத்துவிட்டு எபேசியர் 2-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 8, 9 வசனங்களை நீங்கள் மனப்பாடமாக வைத்திருப்பீர்கள்: கிருபையினாலே, விசுவாசத்தைக்கொண்டு, தேவனுடைய ஈவு, கிரியைகளினால் அல்ல. அதை அவரை வாசிக்கச் சொல்லுங்கள். 10-ஆம் வசனத்தை நீங்கள் வாசியுங்கள். நற்கிரியைகளைச் செய்வதற்காகவே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம், அவற்றில் நடக்கும்படி அவர் முன்னமே ஆயத்தம் செய்திருக்கிறார் என்று அது சொல்கிறது. வாசித்த பிறகு, “கடவுள் முன்னால் நிற்கும் நாளில் எதைக் காட்டுவாய்?” என்று அவரிடம் கேளுங்கள், அவரும் உங்களைக் கேட்கட்டும். இருவர் வாயிலும் இயேசுவின் பெயர்தான் முதலில் வரும் என்று எதிர்பார்க்கிறேன். அதற்குப் பிறகு திரெந்தின் 7-ஆம் அதிகாரத்தைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வாதாடலாம். புரியாத இடம் வந்தால் இருவருமாகவே எழுதிக் கேளுங்கள், தெரிந்தவரை சொல்கிறேன்.